அத்தியாயம் 6: பிள்ளைகள் விட்டுப் போகாத கால்பந்துக் கழகம்

வடசென்னை வியாசர்பாடியிலும், குமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரை ஊர்களிலும் கால்பந்தை வளர்த்தவர்கள் தெருக்காரர்கள். வேலை முடிந்து வந்த தொழிலாளி, ஆட்டோ ஓட்டும் பழைய ஆட்டக்காரர், கடலுக்குப் போய்த் திரும்பிய அண்ணன்மார் என்று ஆளுக்கொரு கை கொடுத்ததில் வளர்ந்த ஆட்டம் இது. வியாசர்பாடியில் இருந்து வந்த தனபால் கணேஷ், 2017-18 சீசனில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். இரவிபுத்தன்துறையில் இருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2019-20 சீசனில் கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியில் ஆடினார்.

இந்தப் பெயர்களைக் கேட்டுத்தான் பல இளைஞர்கள் "நம்ம ஏரியாவிலும் ஒரு கிளப் தொடங்கலாம்" என்று கிளம்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இவர்களோடு அதே மண்ணில் ஓடிய மற்றப் பிள்ளைகளின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. உங்கள் கழகத்துக்கு வரப்போகும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் அப்படிப் பெயர் வெளியே தெரியாமல் வளரப்போகிறவர்கள்தான். கழகம் அவர்களுக்காக நடக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லியிருப்பது எல்லாம் இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

எதைக் கொண்டு அளப்பது?

கோப்பை அலமாரியைக் காட்டிப் பெருமைப்படும் கழகங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. நீங்கள் வேறொரு கணக்கு வையுங்கள். ஜூன் மாதம் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த ஜூனிலும் வருகிறார்கள்? குறிப்பாக, போட்டிக்குத் தேர்வாகாத பிள்ளைகளில் எத்தனை பேர்? இந்த எண்ணிக்கை நன்றாக இருந்தால் கழகம் நன்றாக இருக்கிறது. இது குறைந்தால், எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் எங்கோ பழுது இருக்கிறது.

இதில் நல்ல மனசு மட்டும் இல்லை, ஆட்ட அறிவும் இருக்கிறது. பத்து வயதில் குட்டையாக, மெதுவாக இருக்கும் பையன் பதினாறில் எப்படி ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையன் சின்ன வயதில் உடம்பு பலத்தால் ஜெயிப்பான்; மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் அந்தப் பலம் சமமாகிவிடும். பத்து வயதில் வடிகட்டினால், நாளைக்கு நன்றாக ஆடக்கூடியவனை நாமே வீட்டுக்கு அனுப்பியவர்களாவோம்.

முதலில் திடல்

திடல் இல்லாமல் கழகம் இல்லை. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் நான்கு: மாநகராட்சி அல்லது ஊராட்சி மைதானம், பள்ளி மைதானம், தேவாலயம் அல்லது கோயில் நிலம், கடற்கரை மணல். எதுவானாலும் வாய்மொழி அனுமதியோடு நின்றுவிடாதீர்கள். எந்த நாள், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள், பொறுப்பாளர் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ முத்திரையோ வாங்கி வையுங்கள். அதிகாரி மாறினாலும், தலைமை ஆசிரியர் மாறினாலும் அந்தத் தாள் பேசும்.

பொதுத் திடல் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையில் நடந்ததே சாட்சி. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம், தன் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் வைக்கத் தீர்மானம் போட்டது. மாதம் இருபது நாள் ஒரு மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு 2,400 ரூபாய் ஆகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஆடினால் 4,800. தினக்கூலி வீட்டில் இது நடக்கிற காரியமா? எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களிலேயே மாநகராட்சி அந்த முடிவைக் கைவிட்டது. ஒரு திடலைத் தினமும் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு எழுத்துக் கணக்கு வைத்திருக்கும் கழகம்தான் இப்படிப்பட்ட நேரத்தில் வலுவாகப் பேச முடியும். அந்தக் கணக்கை எப்படி வைப்பது என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்.

இடம் சிறியது என்று தயங்க வேண்டாம். பெரியவர்களின் முழுத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர். அதில் ஒரே ஆட்டம் வைத்தால் 22 பேர் ஆடலாம். அதிலும் பந்தைத் தொடாமலே நேரம் போகும் பிள்ளைகள் பலர். இங்கிலாந்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் ஐவர் ஆட்டத்துக்குச் சுமார் 37 மீட்டருக்கு 27 மீட்டர் அளவைப் பரிந்துரைக்கிறார்கள். ஒரு முழுத் திடலில் அப்படி நான்கு போட்டுவிடலாம். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். ஆள் குறையக் குறைய ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அதிகம் வரும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018-இல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் இந்த எண்ணத்தில் அமைந்ததுதான்: சின்னத் திடல், குறைந்த ஆட்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆட்டம்.

பயிற்சி தொடங்கும் முன் தினமும் திடலைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கண்ணாடிச் சில்லு, கம்பி, கருங்கல், நாய் அசுத்தம் ஆகியவற்றைப் பொறுக்க ஒரு வாளி இருக்கட்டும். கூடவே பெரிய பிள்ளைகள் இருவர் வரட்டும். முறை வைத்துச் செய்தால் யாருக்கும் பாரமில்லை. நகர்த்தும் வகை இரும்பு கோல் போஸ்டின் பின்கால்களில் மணல் மூட்டை கட்டாமல் ஆட்டம் தொடங்கவே கூடாது. போஸ்ட் சாய்ந்து பிள்ளைகள் உயிரிழந்த சம்பவங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. குறுக்குக் கம்பியில் தொங்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லி, தினமும் திருப்பிச் சொல்லுங்கள்.

நீளமான ஒரு நோட்டுப் புத்தகம்

கழகத்தின் முதல் செலவு பந்து என்று நினைப்பீர்கள். பந்துக்கு முன் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு பிள்ளை. மேலே பெயர், பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு, வீடு இருக்கும் தெரு, அம்மாவின் கைபேசி எண், அப்பாவின் கைபேசி எண், ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய் ஏதும் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. கீழே தேதிவாரியாகக் கட்டம். வந்தால் ஒரு கோடு. போட்டியில் ஆடினால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். வராவிட்டால் கட்டம் காலி.

இந்த மூன்று குறிகளும் கழகத்தின் நிலையை அப்படியே காட்டும். ஒரு பக்கம் முழுக்கக் கோடு இருக்கிறது, வட்டமே இல்லை என்றால், அந்தப் பிள்ளை தினமும் வந்தும் நீங்கள் ஆட விடவில்லை. கோடுகள் அடர்த்தியாக வந்து, பிறகு விட்டுவிட்டு வந்து, பிறகு நின்றுபோனால், அந்தப் பிள்ளை விலகிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் "இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. இரண்டு நாள் வராமல் இருப்பார்கள், பிறகு வாரம் ஒரு முறை வருவார்கள், பிறகு மைதானம் இருக்கும் பக்கமே வராமல் சுற்றிப் போவார்கள்.

ஆகவே ஒரு விதி: தொடர்ந்து மூன்று பயிற்சிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஒருவர் போக வேண்டும். போன் போதாது. போகிறவர் வாசலிலேயே நின்று பேசட்டும். "ஏன் வரல?" என்று கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். இப்படிக் கேட்கலாம்:

"அக்கா, தம்பி மூணு நாளா கிரவுண்டுக்கு வரல. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

பெரும்பாலும் வரும் பதில் இந்த மாதிரி இருக்கும்: "உடம்புக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர். ஷூ கிழிஞ்சிப் போச்சு. பசங்க சிரிக்கிறாங்களாம். உங்ககிட்ட சொல்ல வெக்கப்படுறான்."

இந்த இரண்டு வாக்கியத்துக்காகத்தான் அந்த நடை. ஷூ பிரச்சினையைத் தீர்ப்பது சுலபம், தெரிந்துகொள்வதுதான் கடினம். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன ஸ்டட்ஸைக் கழுவி, அளவு எழுதி, ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். எந்தப் பிள்ளையும் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். "உன் கால் அளவு என்னப்பா, இது சரியா இருக்கா பாரு" என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். வெறுங்காலில் ஆடும் பிள்ளையோடு ஷூ போட்டவரை மோத விடாதீர்கள். அன்றைக்கு எல்லோரும் வெறுங்காலோடு ஆடட்டும்.

ஷூவைத் தவிர வழக்கமாக வரும் காரணங்கள்: டியூஷன் நேரம் மோதுகிறது, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கூட ஆடும் பையன் சாதிப் பெயரோ பட்டப் பெயரோ சொல்லிக் கேலி செய்தான், அப்பா குடித்துவிட்டு வருகிறார், மாலையில் வீட்டில் இருந்தாக வேண்டும், ஆட விடவே மாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கழகம் ஏதாவது செய்ய முடியும். தங்கச்சியையும் கூட்டி வரச் சொல்லலாம். ஓரத்தில் உட்காரும் தங்கச்சி ஒரு மாதத்தில் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுவாள்.

ஒரு மாலைப் பயிற்சி

எழுபத்தைந்து நிமிடம் போதும். கோடையில் காலை ஆறு மணிக்கோ மாலை ஐந்துக்குப் பிறகோ வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் வெயிலில் பிள்ளைகளை ஓட விடக் கூடாது. பத்து வயது வரைக்கும் ஏற்ற ஒரு திட்டம்:

- முதல் 15 நிமிடம்: உடம்பைச் சூடாக்குதல். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ஃபிஃபா உருவாக்கிய 'லெவன் பிளஸ் கிட்ஸ்' பயிற்சியில் ஏழு உடற்பயிற்சிகள் உண்டு. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் நடந்த ஆய்வில், இதைத் தொடர்ந்து செய்த பிள்ளைகளிடம் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.
- அடுத்த 20 நிமிடம்: ஆளுக்கொரு பந்து, முடியாவிட்டால் இருவருக்கு ஒன்று. பந்தோடு ஓடுதல், திரும்புதல், நிறுத்துதல்.
- அடுத்த 10 நிமிடம்: ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு இருவர்.
- அடுத்த 25 நிமிடம்: நால்வர் அல்லது ஐவர் ஆட்டம். இங்கே நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். முடிவெடுக்கப் பிள்ளை பழகட்டும்.
- கடைசி 5 நிமிடம்: வட்டமாக உட்கார்ந்து பேச்சு. தண்ணீர். இன்று யார் யாருக்கு உதவினார்கள் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

வரிசையில் நிற்க வைத்து ஒருவர் பின் ஒருவராக உதைக்கச் செய்யும் பயிற்சியைக் குறையுங்கள். இருபது பேர் வரிசையில் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் பந்து கிடைக்கும். மிச்ச நேரம் பக்கத்தில் நிற்பவனை இடிப்பான். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதும், தோப்புக்கரணமும், அடியும் வேண்டவே வேண்டாம். ஓடுவதைத் தண்டனையாக்கினால் ஓடுவதையே பிள்ளை வெறுக்கும்.

பந்தின் அளவில் கவனம் வேண்டும். எட்டு வயது வரை 3-ஆம் எண், அதன் பிறகு பதின்மூன்று வரை 4-ஆம் எண், பதினான்கில் இருந்து 5-ஆம் எண். 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும். அதைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால் கணுக்கால் நோகும், பந்தைக் கண்டால் பயம் வரும். காற்றைக் கல்லாக அடைக்காதீர்கள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் சற்றே உள்வாங்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் தலையால் முட்டும் பயிற்சி தேவையில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் தடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் ஆட வேண்டும்

போட்டிக்கு அழைத்துப் போன பிள்ளை ஒவ்வொருவரும் பாதி நேரமாவது ஆட வேண்டும். இதைக் கழக விதியாகவே எழுதிவிடுங்கள். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகலாம் என்ற முறையைச் சிறுவர் ஆட்டத்துக்கும் அடித்தள ஆட்டத்துக்கும் கால்பந்து விதிப் புத்தகமே அனுமதிக்கிறது. உங்கள் வட்டாரப் போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே பேசி அந்த முறையைக் கேளுங்கள். நீங்களே போட்டி நடத்தினால், நாக் அவுட் வைக்காமல் லீக் முறை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கட்டிக் கொடுத்த இட்லியோடு பஸ் ஏறி வந்த பிள்ளை, இருபது நிமிடத்தில் தோற்று வீடு திரும்பக் கூடாது. மூன்று ஆட்டமாவது கிடைக்க வேண்டும்.

இந்த விதியால் சில போட்டிகளில் தோற்பீர்கள். பெற்றோரில் சிலரும் பழைய ஆட்டக்காரர்களில் சிலரும் கோபப்படுவார்கள். வருடத் தொடக்கத்திலேயே எல்லோரையும் கூட்டி விதியைப் படித்துக் காட்டிவிட்டால், நடுவில் சண்டை வராது. கோட்டுக்கு வெளியே நின்று "அடிடா, தூக்குடா" என்று கத்துவதும், ரெஃப்ரியைத் திட்டுவதும் கூடாது என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். ரெஃப்ரி பல நேரம் பதினெட்டு வயதுப் பையன். அவனும் நம் பிள்ளைதான்.

வயதைக் குறைத்துக் காட்டி ஆளிறக்கும் பழக்கம் நம் வட்டாரப் போட்டிகளில் பரவலாக இருக்கிறது. அதில் கலந்துகொள்ளாதீர்கள். பொய்யான வயதில் ஆடும் பையன் தன் பலத்தை எதிரிலிருக்கும் சிறு பிள்ளைமேல் காட்டுகிறான். மேல்மட்டத்தில் வயதுப் பரிசோதனை வரும்போது அவன் கதையே முடிந்துபோகும். ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழின் நகல் நோட்டில் ஒட்டியிருக்கட்டும்.

பெண் பிள்ளைகள்

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இல் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனது. 2023-இல் ஹரியானாவை வென்று மறுபடியும் ஆனது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. கடலூரில் இருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடினார். இத்தனை நடந்த பிறகும், நம் தெரு மைதானத்தில் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் சுவரோரம்தான் நிற்கிறார்கள்.

பத்து, பதினொரு வயது வரை ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடட்டும். அதற்கு மேல் பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தை எந்தக் காரணத்துக்காகவும் ஆண்கள் அணிக்குத் தாரை வார்க்காதீர்கள். பெண்கள் நிற்க வேண்டுமானால் இவையெல்லாம் வேண்டும்:

- பயிற்சி நேரம் முழுக்க ஒரு பெண் பொறுப்பாளர். பயிற்சியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு அம்மாவோ அக்காவோ போதும்.
- நடந்து போகும் தூரத்தில் பூட்டுள்ள கழிப்பறை. மைதானத்தில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பேசி வையுங்கள்.
- முதலுதவிப் பெட்டியில் சானிட்டரி நாப்கின். எடுத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள்.
- உடையில் பிடிவாதம் வேண்டாம். டிராக் பேண்ட், முழுக்கை, தலைத்துணி எதுவானாலும் ஆடலாம்.
- இருட்டும் முன் பயிற்சி முடிய வேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் கூட்டாகப் போக வேண்டும்.

பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுவது இன்னும் நடக்கிறது. அந்த வீட்டுக்கு ஆண் பயிற்சியாளர் தனியாகப் போய்ப் பேசுவதைவிட, ஏற்கெனவே மகளை அனுப்பும் ஒரு தாய் போய்ப் பேசினால் கேட்பார்கள்.

பாதுகாப்பு

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருவர் பெண். பிள்ளைக்குத் தனியாகப் போனில் செய்தி அனுப்புவதைத் தவிர்த்து, பெற்றோர் இருக்கும் குழுவிலேயே தகவல் சொல்லுங்கள். பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால், கழகத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று மூடி மறைக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கணுக்கால் பிசகினால் உடனே நீவிவிடுவதும், "சுளுக்கு எடுப்பதும்" நம் ஊர் வழக்கம். முதல் இரண்டு நாள் அதைச் செய்யக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம் எதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவரிடம் காட்டுங்கள், அவசரமானால் 108. மின்னல் தெரிந்து முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் எல்லோரையும் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்க விடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

பணமும் பெயரும்

கழகத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்யுங்கள். குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த ஏழில் இரண்டு தாய்மாராவது இருக்கட்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். ஆண்டுக் கூட்டத்தையும் கணக்குத் தாக்கலையும் தவறவிடாதீர்கள்.

மாதச் சந்தா வாங்கலாம். கட்ட முடியாதவர் யார் என்பது இருவருக்கு மேல் தெரியக் கூடாது. ஒவ்வொரு மாதமும் வரவு செலவை ஒரு தாளில் எழுதி மைதானச் சுவரில் ஒட்டுங்கள்: பந்துக்கு இவ்வளவு, சுண்டலுக்கு இவ்வளவு, போட்டி நுழைவுக் கட்டணம் இவ்வளவு. டீக்கடைக்காரர் கொடுத்த ஐம்பது ரூபாயும் அதில் வர வேண்டும். கணக்கு கண்ணில் பட்டால் கொடுப்பவர் மறுபடி கொடுப்பார்.

ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்று அரசியல் கட்சிக்காரர்கள் வருவார்கள். உதவியை யார் தந்தாலும் நன்றி சொல்லி வாங்கலாம். பிள்ளையின் முதுகில் கட்சிக் கொடியும் தலைவர் படமும் வேண்டாம். தேர்தல் முடிந்ததும் அந்த ஜெர்சியைப் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் போட விடமாட்டார்கள்.

கழகத்தின் பெயரிலும் கவனம் தேவை. நம் ஊரில் பல அணிகள் தெருவாரியாகப் பிரிந்திருக்கின்றன. தெரு என்றால் பல இடங்களில் சாதி என்று பொருள். ஒரு சாதியின் அடையாளமான பெயரை வைத்தால், மறுதெருப் பிள்ளை முதல் நாளே விலகிவிடும். ஊரின் பெயரையோ, மைதானத்தின் பெயரையோ வையுங்கள். குடிதண்ணீர்க் குடமும் டம்ளரும் எல்லோருக்கும் ஒன்றே என்பது முதல் நாள் முதலே நடைமுறையில் இருக்கட்டும். பயிற்சி ஆட்டத்துக்கு அணி பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரியாமல் கலந்துவிடுங்கள். ஒரே அணியில் மூன்று மாதம் பந்து கொடுத்து வாங்கிய பிள்ளைகள் திருவிழாச் சண்டையில் எதிரெதிரே நிற்கத் தயங்குவார்கள். இதைவிடப் பெரிய வெற்றி ஒரு கழகத்துக்கு இல்லை.

பதினைந்து வயதுக்குப் பிறகு

பிள்ளைகள் அதிகம் விலகுவது பத்தாம் வகுப்பு ஆண்டில்தான். "பரீட்சை முடியட்டும்" என்று நிறுத்துவார்கள். முடிந்த பிறகு பாதிப் பேர் திரும்புவதில்லை. நவம்பரிலேயே பெற்றோரோடு பேசி, வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் என்று குறைத்து வையுங்கள். முழுக்க நிறுத்த விடாதீர்கள். வியாசர்பாடி முல்லை நகரில் கால்பந்தையும் மாலைப் படிப்பையும் ஒன்றாகவே நடத்தி வரும் தொண்டு அமைப்பைப் பாருங்கள். பயிற்சிக்கு முன்னோ பின்னோ ஒரு மணி நேரம், கல்லூரி படிக்கும் பழைய ஆட்டக்காரர் இருவர், ஒரு விளக்கு, ஒரு பாய் இருந்தால் போதும். படிப்பைக் கெடுக்கும் ஆட்டம் என்ற பேச்சு அடங்கிவிடும்.

பள்ளியை விட்டு வேலைக்குப் போன பையனையும் விட்டுவிடாதீர்கள். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்று இருக்கட்டும். மாலையில் கஞ்சா விற்பவன் எங்கே நிற்கிறான் என்பது எல்லா ஏரியாவிலும் பிள்ளைகளுக்குத் தெரியும். வேலை முடிந்து வரும் பதினேழு வயதுப் பையனுக்குப் போக இன்னொரு இடம் இருக்க வேண்டும்; அந்த இடம் உங்கள் மைதானம்.

ஆட்டத்தை வைத்து என்ன ஆகலாம் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். ஐ.எஸ்.எல். ஆசையை வளர்த்து ஏமாற்ற வேண்டாம். தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. சான்றிதழ்களை ஒரு கோப்பில் பத்திரப்படுத்தக் கற்றுக்கொடுங்கள். பதினெட்டு வயதானவர்களை அகில இந்தியக் கூட்டமைப்பின் இ சான்றிதழ், டி உரிமம் ஆகிய பயிற்சியாளர் படிப்புகளுக்கோ, மாவட்டச் சங்கத்தின் ரெஃப்ரி தேர்வுக்கோ அனுப்புங்கள். தேர்வுக் கட்டணத்தைக் கழகமே கட்டட்டும்; பதிலுக்கு அவர்கள் ஒரு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும்.

முதல் மூன்று மாதத்துக்கு

- முதல் மாதம்: திடலுக்கு எழுத்து அனுமதி. நோட்டு. நான்கு பந்து, பத்துக் கோன், இரண்டு நிற பிப். வாரம் மூன்று நாள், ஒரே நேரம். மழை தவிர எந்தக் காரணத்துக்கும் பயிற்சியை ரத்து செய்யாதீர்கள்.
- இரண்டாம் மாதம்: பெற்றோர் கூட்டம். விதிகளைப் படித்துக் காட்டுதல். முதலுதவிப் பெட்டி. பெண்களுக்கான நேரம். வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போதல்.
- மூன்றாம் மாதம்: சங்கப் பதிவுக்கு விண்ணப்பம். வங்கிக் கணக்கு. சுவரில் முதல் வரவு செலவு. பக்கத்து ஏரியா அணியோடு நட்பு ஆட்டம். கோப்பை வேண்டாம், எல்லோருக்கும் சுண்டல் போதும்.

கழகம் நடத்துகிறவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒருவரே சாவி வைத்திருந்தால், நீங்கள் வேலை மாறிப் போகும் நாளில் கழகமும் போய்விடும். முதல் வருடத்திலேயே நோட்டை இன்னொருவர் கையில் கொடுத்துப் பழக்குங்கள். நீங்கள் இல்லாத மாலையிலும் பயிற்சி நேரத்துக்குத் தொடங்கினால்தான் அது ஊரின் கழகம். கோப்பை எப்போது வேண்டுமானாலும் வரட்டும். இந்த வாரம் நோட்டில் யாருடைய கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அந்த வீட்டுக்கு முதலில் போங்கள்.